ராமக்கா வீட்டுக் கன்று

எஸ்தர்,

பக்கத்து வீட்டு ராமக்கா கதவைத் தட்டிய வேகத்தில் பயந்தே போனேன். அவருடைய மாடு கன்று ஈன முடியாமல் தவிக்கிறதாம். நீ வெளியே போயிருக்கிறாய் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. நானே போய் ஜெபித்தேன்.

மலேசியாவின் ஈப்போவிலிருந்து நாம் நல்லம்பள்ளிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மிஷனரியாக அனுப்பப்பட்டவன் நான். ஊர் தேடுவது உன்னை. நான் பிரசங்கம் எழுதும் நேரத்தில் நீ அவர்களோடு தக்காளி பறிக்கிறாய். பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன். நேற்று உன்னிடம் கத்தியதும் அதனால்தான்.

தலைமைப் போதகரை அழைத்துவர மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போகிறேன். ரசம் வைத்திருக்கிறேன், சோறு மட்டும் வடித்துவிடு.

— சாமுவேல்

பி.கு: கன்று பிறந்துவிட்டது. என் ஜெபம் கேட்கப்பட்டது என்று பூரித்தேன். சேதி சொல்ல வந்த ராமக்காவோ சொன்னார்: "நீங்க பாட்டுக்குக் கண்ண மூடிட்டு நின்னீங்க சாமி. நாந்தான் எஸ்தரம்மா பேரச் சொல்லித் தடவிக் குடுத்தேன், கன்னு வந்துருச்சுங்க!"