செற்றில் மாட்டிய இறப்பர் பேண்ட்

அன்பு மகள் றிஷானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் நீங்கள் நோய் நொடியில்லாமல் இருக்க அல்லாஹ் அருள வேண்டும். இங்கு நானும் தங்கச்சி ஸல்ஹாவும் சுகம். வாப்பாவின் சுகத்தைப் பற்றித்தான் எனக்கு எழுத வேண்டியிருக்கிறது. போனில் உம்மாவின் குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள், நான் தடிமன் என்றேன். தங்கச்சி பக்கத்தில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தாள், வேறு என்ன சொல்ல. புஷ்பவதி ரீச்சரின் மகன் நாளை அங்கே திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

தங்கச்சி ஆங்கில ஸ்பெலிங் போட்டிக்கு வலய மட்டத்தில் தெரிவானது உங்களுக்குத் தெரியும். இருந்து படி என்றால் படிக்கிற பிள்ளையா அவள். இடியப்ப மாவை உருட்டி எழுத்துச் செய்தாள், மீன் லொறியின் தூசியில் விரலால் எழுதினாள், முற்றத்தில் கட்டம் கீறி எழுத்துக்கு எழுத்து பாய்ந்தாள். பிறகு, கடலுக்குப் போன வாப்பாவோடு கதைக்கக் குசினி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிற வயர்லெஸ் செற்றைப் பிடித்துக்கொண்டாள். பின்னேரம் போட்டுகள் எல்லாம் செற்றில் வருகிற நேரம் வாப்பா ஒரு சொல் கேட்பார், இவள் எழுத்துக் கூட்டுவாள், பிழைத்தால் கடலில் இருந்து விசிலடிப்பார்கள். பக்கத்துப் போட் நௌபர் நானா இவளிடம், டீச்சரம்மா, எங்கட வலையில ஒண்டும் படல்ல, மீனுக்கும் கொஞ்சம் ஸ்பெலிங் சொல்லிக் குடுங்க என்று பகிடி பண்ணுவார். நான் அந்தச் செற்றில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. உங்களைப் பெற்ற பிறகு படித்து, நம் இரண்டு குடும்பத்திலும் முதல் பட்டம் எடுத்தவள் என்று வாப்பா எல்லாப் போட்டுக்கும் சொல்லி வைத்திருக்கிறார், அத்தனை பேர் கேட்கக் கதைக்க எனக்குக் கூச்சம்.

போன செவ்வாய் பின்னேரம் கொட்பே துறைமுகப் பக்கம் வானம் ஈயம் மாதிரி இருந்தது. காகங்கள் நேரத்தோடு அடைந்துவிட்டன. தங்கச்சிக்கு அன்று பாய்ந்துகொண்டே எழுத்துச் சொல்ல ஆசை. செற்றின் மைக்கில் பொத்தானை அமத்தினால்தானே நம் கதை கடலுக்குப் போகும், கையை எடுத்தால்தானே அவர்களின் கதை நமக்கு வரும். பாயக் கை வேண்டும் என்று பிள்ளை பொத்தானின் மேல் இறப்பர் பேண்டைச் சுற்றிவிட்டு, மைக்கை யன்னலில் தொங்கவிட்டு, முற்றத்தில் பாய்ந்து பாய்ந்து தன்னிடம் இருந்த சொற்கள் எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னாள். கடலில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற சந்தோசம் அவளுக்கு. ஒருவர் அமத்திக்கொண்டிருந்தால் மற்ற எந்தப் போட்டும் கதைக்க ஏலாது என்பது அவளுக்கு விளங்கவில்லை. நான் பின்பக்கம் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். காற்று திடீரென்று மாறியது, கயிற்றில் இருந்த வாப்பாவின் சாரம் பறந்து வேலியில் விழுந்தது.

நான் உள்ளே வந்து பேண்டைக் கழற்றியதும் செற் முழுக்க ஒரே கூச்சல். யாருடா அமத்திப் புடிச்சிட்டு இருக்கிறது, உடுங்கடா என்று யாரோ கத்தினார்கள். வாப்பாவின் குரல் மட்டும் இல்லை. பிறகு நௌபர் நானாதான் மெல்லச் சொன்னார், “முனீப் நானா கூப்பிட்டவர், தங்கச்சி. உங்கட புள்ளைட சத்தத்துக்குக் கீழ அவர்ர குரல் கேட்டது. தண்ணி எண்டது மட்டும் விளங்கிச்சு.” குடிக்கிற தண்ணீரா, போட்டுக்குள் ஏறின தண்ணீரா என்று எவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வாப்பாவின் போட் செற்றில் வரவில்லை. நேவிக்கும் மீன்பிடித் திணைக்களத்துக்கும் அறிவித்தாயிற்று. நௌபர் நானா கரைக்கு வராமல் தேடிக்கொண்டிருக்கிறார். செற் பழுதாகி இருக்கலாம் என்கிறார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் அவசரப்பட்டு லீவு கேட்க வேண்டாம், ஒவ்வொரு தொழுகையிலும் வாப்பாவுக்காகக் கேளுங்கள். பட்டினி கிடக்காதீர்கள். நௌபர் நானா சொன்னதைத் தங்கச்சி கேட்கவில்லை, அவள் முற்றத்தில்தான் நின்றாள் என்று நினைத்து, செற் பழுது என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவள் போட்டிக்குப் போக மாட்டேன் என்று சொல்லவில்லை. முற்றத்தில் இன்னும் பாய்கிறாள், வாயைத் திறக்காமல் பாய்கிறாள். அந்த இறப்பர் பேண்டை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை.

இப்போது பின்னேரங்களில் நான்தான் செற்றில் கதைக்கிறேன் மகள். கூச்சமெல்லாம் போய்விட்டது. பொத்தானை அமத்தி, முனீப், நான் நுஸ்ரத், கேட்குதா என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு விரலை எடுக்க எனக்குப் பயம், எடுத்தால் அந்த இரைச்சல் மட்டும்தானே வரும். நேற்றும் அப்படி அமத்தியபடியே நின்றுவிட்டேன். தங்கச்சி பின்னால் வந்து நின்றதை நான் காணவில்லை. என் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். “கைய எடுங்க உம்மா. வாப்பா கதைக்க ஏலாம இருப்பாரு” என்றாள்.

அல்லாஹ் உங்களையும் அவரையும் தன் காவலில் வைத்திருக்கட்டும். இது கிடைத்ததும் எங்களுக்கு எடுத்தால் சுருக்கமாகக் கதைத்துவிட்டு வைத்துவிடுங்கள். போன் சும்மா இருக்க வேண்டும்.

உங்கள் உம்மா,
நுஸ்ரத் முனீப்
திருகோணமலை