வெந்நீரில் வெந்த நல்ல கிருமிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று முதலில் கேட்கச் சொல்கிறாள் அம்மா. இங்கே வீடும் தையல் கடையும் வழக்கம்போல ஓடுகின்றன. கை என்னுடையது, பேச்சு அம்மாவுடையது, நடுவில் நானும் கொஞ்சம் நுழைந்துகொள்வேன். போனில் சொல்லலாமே என்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார், அதனால்தான் கடிதம்.

அப்பாவின் குடலுக்கு எதை வாங்கி அனுப்பட்டும் என்று மூன்று டப்பாக்களின் படம் அனுப்பியிருந்தாயே, அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் போன டப்பாவின் கதையை எழுதச் சொல்கிறாள் அம்மா, சொல்லும்போதே சிரிப்பு வேறு. உள்ளே இருப்பது உயிருள்ள நல்ல கிருமிகள் என்று நீ போனில் படித்துக் காட்டினாய் அல்லவா, அன்றைக்கே அப்பா, உசுரோட இருக்கிறதை எப்படி முழுங்குறது, உள்ளே போய் குடித்தனம் வச்சிடாதா என்று முகத்தைச் சுளித்தார். நல்லதோ கெட்டதோ கிருமி கிருமிதானே என்று அம்மா என்ன செய்தாள் தெரியுமா, காப்ஸ்யூலைப் பிரித்துத் தூளைத் தண்ணீரில் கொட்டி, நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆற்றிக் கொடுத்திருக்கிறாள். டப்பா தீரும்வரை அப்படியேதான். பாவம் அவை, கடல் தாண்டி வந்து நம் அடுப்பில் செத்தன.

இந்தத் தடவை தப்பு நடக்கக் கூடாது என்று உன் படத்தை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக நின்றேன், அது கலைகிற கூட்டமாக இல்லை. மருந்துக் கடை அக்காவே, என்னம்மா தூணுக்குத் துணையா நிக்கிறே என்று கூப்பிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, முதல் டப்பாவுல எத்தனை கோடி கிருமின்னு பெருசா போட்டிருக்கான், அதைப் பார்த்து மயங்காதே, ரெண்டாவதுல எந்தக் கிருமின்னே சொல்லலை, வாங்குறதுன்னா மூணாவது, முழுப் பேரும் இருக்கு, எதுவரைக்கும் உயிரோட இருக்கும்னும் போட்டிருக்கு என்றார். அப்புறம்தான் யாருக்கு, என்ன தொந்தரவு என்று கேட்டார். அப்பாவுக்கு, சில நாள் கட்டிக்கொள்கிறது, சில நாள் நிற்காமல் போகிறது என்றேன். ரத்தம் போகுதா என்றார். கடை முழுக்க ஆட்கள், எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் காலையில் கழிவறையைக் கழுவுகிறவள் நான்தானே அக்கா, பார்த்திருக்கிறேன். ஆமாம் என்றேன், சத்தமாகவே வந்துவிட்டது. அவர் போனை என் கையில் திருப்பி வைத்து, அப்போ இந்த மூணுமே இப்ப வேண்டாம், முதல்ல டாக்டர், டப்பாவுக்காக நாளைக் கடத்தாதீங்க என்றார்.

அப்பா அம்மாவிடம் அது வெறும் மூலம் என்று சொல்லி வைத்திருந்தாராம். இழுத்துக்கொண்டு போய்க் காட்டினோம். மூலமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் அடுத்த மாதம் முதல் புதன்கிழமைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அப்பாவோ, பெரியவ அனுப்புற டப்பா வரட்டும், தின்னு பார்த்துட்டு அப்புறம் போலாம் என்று அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஊர்ல இருக்கிறவன் உடம்பையெல்லாம் அளந்து துணி வெட்டுற மனுஷன், தன் உடம்பை ஒருத்தர் பார்க்க விடமாட்டேங்கிறாரே என்று அம்மா பொருமுகிறாள். ஆனால் அவள் பயப்படவில்லை, நீயும் பயப்படாதே. அந்த வாரம் கடை கிடையாது என்று வாடிக்கையாளர்களுக்கு இப்போதே சொல்லிவிட்டாள். முதல் நாள் வயிற்றைக் காலி செய்ய மருந்து தருவார்களாம், அதற்கு நான் கூட இருப்பேன். அப்பா மறுப்பதற்குக் கையில் இருக்கிற ஒரே சாக்கு உன் டப்பாதான்.

ஆகவே அவரிடம் டப்பா கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே, கிடைக்கும்வரை காத்திருப்பார். குழாய் விட்டுப் பார்த்த பிறகு எது வேண்டும் என்று டாக்டர் சொல்லட்டும், அதையே அனுப்புகிறேன் என்று சொல். நீ சொன்னால் தட்டமாட்டார், அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. இப்போதுகூட அப்பா வந்து, என்னம்மா எழுதுறே என்றார். உங்க குடலைப் பத்திதான்பா என்றேன். அந்த மூணாவது டப்பா பேரைத் தப்பில்லாம எழுது என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீண்ட காலம் வாழவேண்டும் என்று அம்மா வாழ்த்துகிறாள். அந்தப் புதன்கிழமைக்கு முன்னால் உன்னிடமிருந்து பார்சல் எதுவும் வரக் கூடாது அக்கா, உன் குரல் வந்தால் போதும்.

அன்புடன்,
அம்மா
(எழுதியது உன் தங்கை)