இத்தாலிக்காரர் ஊர் திரும்பினாரா?

கோபித்துக்கொண்டு மதுரையில் அக்கா வீட்டில் உட்கார்ந்திருக்கும் எங்கள் வாத்தியாருக்கு,

நீங்கள் எழுதிய இத்தாலி இலக்கிய வரலாற்றைப் பதிப்பகத்தார் திருப்பி அனுப்பினால், அதற்குக் கோவில்பட்டி என்ன செய்யும்?

நீங்கள் விட்டுப்போன காகிதக் கட்டை எழுத்துக்கூட்டிப் படித்தேன். படித்தவர்களெல்லாம் லத்தீனில் எழுதுகையில், ஒருவர் மட்டும் தெருவில் பேசுகிற பேச்சிலே காவியம் பாடினாராமே. அதைத் தெருவில் யாரும் பேசாத தமிழில் எழுதி வைத்திருக்கிறீர்களே, சாமி.

தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சி அடுக்கும்போது கூட இருந்த பெண்களுக்கு அந்தக் கதையை நம் பேச்சில் சொன்னேன். எல்லார் கையும் நின்றுவிட்டது. "ஊர விட்டே தொரத்திட்டாவளே யக்கா, அந்த ஆளு திரும்பி வந்தாரா?" என்று பெத்தம்மாள் கேட்டாள்.

நான் அதுவரைக்கும்தான் படித்திருந்தேன். "தெரியலட்டி. எங்க வீட்டு அவிய வெள்ளிக்கிழம வந்து சொல்லுவாவ" என்றேன்.

என் பேச்சை நம்பி எல்லாரும் அன்றைக்கு நம் வீட்டுக்கு வருவார்கள். நானும் நம்பித்தான் சொன்னேன்.

இப்படிக்கு,
அஞ்சாங்கிளாஸ் தாண்டாத உங்கள் வீட்டுக்காரி