சீர்த் தட்டில் ஒரு மூச்சு மெஷின்

செட்டிநாட்டுச் சீமை முழுவதையும் ஒரே அதட்டலில் எழுந்து நிற்க வைத்த என் அருமை அக்காவுக்கு,

நலமா என்று கேட்பது வழக்கம். கேட்டால் உன்னிடமிருந்து பதில் வராது என்பதால் அதைத் தாண்டிப் போகிறேன். காரைக்குடி அப்படியேதான் இருக்கிறது. வெயில்தான் கொஞ்சம் கூடிவிட்டது. நேற்று என் கண் முன்னால் ஒரு காகம் ரோட்டில் கால் வைத்துப் பார்த்துவிட்டுச் செருப்புக் கடையைத் தேடிப் போனது. நம்பாவிட்டால் போ.

சேதி உன் மகள் மல்லிகாவைப் பற்றியது. பயப்படாதே, நன்றாக இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கடிதத்தில் நீ எழுந்து வந்துவிடுவாய்.

உன் மூக்கு, உன் பிடிவாதம், உன் குறட்டை எல்லாம் அவளுக்கு அப்படியே வந்திருக்கின்றன. உன் குறட்டையின் பெருமை உனக்குத் தெரியாது, நீ தூங்கிக்கொண்டிருந்தாய். மதியம் நீ தலையைச் சாய்த்தால் நம் ஓட்டுமேல் இருந்த புறாக்கள் குடும்பத்தோடு கானாடுகாத்தானுக்குக் குடிபெயரும். அங்கே பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளில் இன்றைக்கும் வாழ்கிற புறாக்கள் அத்தனையும் நம் வீட்டு அகதிகள்தான். ஆனால் உனக்கு அதில் வெட்கம் இல்லை. மல்லிகாவுக்கு உண்டு. பெண்பிள்ளை குறட்டை விடுகிறாள் என்று நாலு பேர் பேசிவிடுவார்கள் என்று கல்யாண வீடுகளில் தங்கமாட்டாள். பஸ்ஸில் போனால் கண் அசந்துவிடாமல் இருக்கத் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டு வருவாள்.

இரவு முழுக்கப் படுத்திருந்தும் பகலில் சொக்கி விழுந்தாள். செக்காலை ரோட்டில் மாப்பிள்ளை சுந்தரத்தின் எலெக்ட்ரிகல் கடையில் அவள்தானே பில் போடுகிறாள்? எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனா தன்பாட்டில் கோடு இழுத்துக்கொண்டு கீழே போய்விடும். உடம்பில் ரத்தமில்லை என்றார்கள். ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுத்தோம். இந்த ஜில்லாவில் நொண்டாத ஆடே இல்லை என்கிற அளவுக்குக் கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒருநாள் பட்டப்பகலில் மொபட்டில் கோவிலூர் கோயிலுக்குப் போனவள், ரோடு வளைந்த இடத்தில் வளையாமல் நேரே கருவேலங்காட்டுக்குள் போய்விட்டாள். எதிரில் வண்டி எதுவும் வரவில்லை. கையிலும் கன்னத்திலும் கீறலோடு தப்பித்தாள். “முள்ளு குத்தித்தான் மாமா முழிச்சேன்” என்றாள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன் என்று என்னைத் திட்டுவாயே, அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா.

மதுரைக்கு ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் மல்லிகாவிடம் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்து, தூக்கத்தில் அவளுக்கு மூச்சு நிற்கிறதா என்று கேட்டார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நிக்கும் சார். திரும்பி வர்ற வரைக்கும் நான் முழிச்சே கெடப்பேன்.”

எத்தனை வருஷமாக என்று நான் கேட்கவில்லை. மல்லிகா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவளுக்கும் அது புதுச் சேதி என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுக்கவைத்து உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறதாம். மூச்சு நின்றதும் உடம்பு பதறி எழுப்பிவிடுகிறது. ஆனால் எழுந்தது அவளுக்கே ஞாபகம் இருக்காது. விடிய விடிய இதே கூத்து. தூங்கினாள் என்று நாம் நினைத்ததெல்லாம் தூக்கமே இல்லை. இதற்கு ஒரு மெஷின் இருக்கிறது என்றார் டாக்டர். மூக்கில் ஒரு மூடி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் பெட்டி. பெட்டி காற்றை ஊதிக்கொண்டே இருக்கும், பாதை அடைபடாது. இப்படியே விட்டால் இருதயத்துக்கு ஆகாது என்றும் சொன்னார்.

அப்போது எனக்கு உன் நினைப்பு வந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தாய், மூன்று மணிக்குக் காப்பி கொண்டுவந்து எழுப்பினோம், நீ எழுந்திருக்கவில்லை. உனக்கும் இதுதானா? டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். இருக்கலாம், இப்போது சொல்ல முடியாது என்றார். நல்ல மனுஷர். ‘ஆமாம்’ என்று சொல்லியிருந்தால் நான் மதுரையிலிருந்து எப்படித் திரும்பி வந்திருப்பேன்?

இனி விலைக்கு வருகிறேன். அந்த மெஷினை நம் நாட்டில் செய்வதில்லை. வெளிநாட்டிலிருந்து மெட்ராஸுக்கு வந்து, அங்கிருந்து நமக்கு வரவேண்டும். அந்தப் பணத்துக்கு ஓடுகிற நிலைமையில் ஒரு பழைய அம்பாசிடர் கார் வாங்கலாம், டிரைவருக்கு ஒரு வருஷம் சம்பளமும் கொடுக்கலாம். டாக்டர் தொகையைச் சொன்னதும், நன்றாக இருந்த எனக்கே மூச்சு நின்றது.

மாப்பிள்ளை அசரவில்லை. அவர்தான் வருஷம் தவறாமல் மெடிக்கிளைம் கட்டுகிறவர் ஆயிற்றே! நானும் அவரோடு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன், ஒரு ராஜதந்திரி கூட இருப்பது நல்லது என்று. அங்கிருந்த ஆபீசர் மரியாதையான மனிதர். காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். மதுரையில் படுத்ததற்குப் பணம் வரும். மெஷினுக்கு வராது. வீட்டில் வைத்துப் போட்டுக்கொள்கிற சாமானுக்குப் பாலிசியில் இடமில்லை. மூக்குக் கண்ணாடிக்கு இல்லை, காது மெஷினுக்கு இல்லை, அதுமாதிரி இதுவும்.

“கண்ணாடி இல்லாட்டி மங்கலாத் தெரியும். மூச்சு இல்லாட்டி எப்படி சார் தெரியும்?” என்றேன்.

அவர் பாலிசிக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். நான் விடவில்லை. “சரி, எங்க பிள்ளை தெனம் ஆஸ்பத்திரியில போயிப் படுத்துத் தூங்கட்டும். அதுக்குக் குடுப்பீகளா?”

ஆபீசர் உண்மையிலேயே கொஞ்ச நேரம் யோசித்தார். “டாக்டர் எழுதிக் குடுத்தா, பாலிசித் தொகை தீர்ற வரைக்கும் குடுப்போம்ங்க” என்றார். சொல்லிவிட்டு அவரே கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்கும் புரியுதுய்யா. நான் எழுதின பாலிசி இல்ல அது.”

அதைத்தான் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து மூச்சு விட்டால் அது வைத்தியம். அதே மூச்சைத் தன் வீட்டுப் பாயில் விட்டால் அது சொந்தச் செலவு. வருஷா வருஷம் பிரீமியம் கட்டின மாப்பிள்ளையும், இன்சூரன்ஸ் என்றால் லாரிக்குப் போடுவது என்று நினைத்துக்கொண்டிருக்கும் உன் தம்பி பெண்டாட்டி காமாட்சியும் அந்த மெஷினுக்கு முன்னால் ஒரே வரிசையில்தான் நிற்கவேண்டும். எங்களுக்காவது வரிசை என்று ஒன்று இருக்கிறது. பெயரே தெரியாமல் இந்த நோயோடு படுத்து எழுந்திருக்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேரோ? எழுந்திருக்காதவர்கள் எத்தனை பேரோ?

அதற்கப்புறம் வீட்டில் நடந்தது பெரும் போர். பேத்தி செல்வியின் காலேஜுக்குப் போட்டு வைத்திருந்த பணத்தை எடுக்கிறேன் என்றார் மாப்பிள்ளை. “அவ படிப்புக் காசுல எனக்குத் தூக்கம் வேணாம். தொட்டீகன்னா அந்த மிஷினைத் தூக்கி ஊருணியில போட்டுருவேன்” என்றாள் உன் மகள். போடுவாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், யார் வயிற்றில் பிறந்தவள்? பணம் நான் தருகிறேன் என்றேன். அதற்கு மாப்பிள்ளை கும்பிட்டுவிட்டு, “கட்டுனவளுக்கு வைத்தியம் பாக்க மாமன்கிட்டக் கை நீட்டுனான்னு வேணாம் மாமா, விட்டுருங்க” என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் மல்லுக்கு நின்றிருப்பேன். கும்பிட்டுச் சொன்னவரை என்ன செய்வது? அவர் பாட்டுக்கு ராத்திரி முழித்துக் கிடந்தார், அவள் பாட்டுக்கு மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் என் மகத்தான மூளையில் ஒரு யோசனை உதித்தது. உதிக்கும்படி மண்டையில் தட்டியவள் காமாட்சி. “பணமாக் குடுத்தா வாங்கமாட்டாக. சீராக் கொண்டுபோங்க. தாய்மாமன் சீரை வாசல்ல நிறுத்துற ஆம்பளை இந்தச் சீமையில பொறக்கலை” என்றாள்.

உனக்கு ஞாபகம் இருக்காது, நீ இல்லாதபோது நடந்தது. மல்லிகா புது வீட்டுக்குப் பால் காய்ச்சியது நீ கண்ணை மூடின வருஷம். துக்க வருஷத்தில் பிறந்த வீட்டுச் சீர் போகக் கூடாது என்று நாங்கள் வெறுங்கையோடு போய் நின்று, பால் குடித்துவிட்டுத் திரும்பினோம். வருஷம் திரும்பினதும் செய்யவேண்டியது, இன்றைக்கு நாளைக்கு என்று கிடந்தது. அந்தச் சீர் நிற்கிறதே என்றாள் காமாட்சி.

தோட்டத்தில் நின்ற தேக்குகளை வெட்டி விற்று மெஷினை வரவழைத்தேன். அவற்றில் ஒரு தலைவாசல் கதவு செய்து, கானாடுகாத்தான் மாளிகைகள் எல்லாம் வெட்கத்தில் பூட்டை இன்னும் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும்படி செய்வேன் என்று நான் அளந்துகொண்டிருந்தேனே, அந்தத் தேக்குகள்தான். இப்போதிருக்கிற கதவும் திறக்கிறது, மூடுகிறது. கதவு அதற்கு மேல் என்ன செய்துவிடப் போகிறது?

முகூர்த்த நாள் பார்த்து, பிள்ளையார் கோயில் முக்கிலிருந்து மேளம் நாகஸ்வரத்தோடு கிளம்பினோம். தேங்காய், பழம், வெல்லம், பட்டுப்புடவை, குத்துவிளக்கு என்று பெண்கள் தட்டுத் தட்டாகத் தூக்கிவர, நடுவில் பெரிய தாம்பாளத்தில் அந்தப் பெட்டி. காமாட்சி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, குழாயைச் சுருட்டி அதன்மேல் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தாள். பார்த்தவர்கள் இன்னதென்று தெரியாமல் வழிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து, “என்னங்க இது, புது மாதிரி கிரைண்டரா?” என்றார். மல்லிகாவின் மானம் என் நாக்கில் இருந்தது. “சிங்கப்பூர்ல ராஜா வீடுகள்ல சீருக்கு இதைத்தான் வைக்கிறாக” என்று ஒரு போடு போட்டேன். சிங்கப்பூரில் ராஜா உண்டா என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். ஒரே பார்வையில் புரிந்துவிட்டது அவருக்கு. முகம் இறுகிவிட்டது. மேளக்காரர் அடித்துக்கொண்டே இருந்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு அவர் நின்ற நேரத்தில் நான் கிழவனாகி, செத்து, மறுபடி பிறந்து, பள்ளிக்கூடம் போய்விட்டு வந்தேன்.

சீரைத் தம்பதியாகத்தான் வாங்கவேண்டும். மல்லிகா வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவளும் கையை நீட்டவில்லை, அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவரிடம், எனக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்: “நீங்களும் தூங்கி ரொம்ப நாளாச்சுல்ல.”

மாப்பிள்ளை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினார்.

தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது அல்லவா? வெற்றிலை பாக்கு வைத்துத் திருப்பினார். தரும்போது, “மிஷின் உங்க சீரு. நம்ம ஊருக் கரண்டு அதை விடிய விடிய ஓட்டாது. அதுக்கு பேட்டரி கட்டுறது என் பொறுப்பு, அதுல நீங்க தலையிடக் கூடாது” என்றார். தலையிடவில்லை. கடையிலிருந்து லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் கொண்டுவந்து அவர் செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டில் காரைக்குடி ஜங்ஷனையே ஒரு வாரம் ஓட்டலாம்.

முதல் நாள் ராத்திரி சத்தமே இல்லையாம். அந்த அமைதியில் பயந்துபோய் மாப்பிள்ளை எழுந்து அவள் மூச்சைத் தொட்டுப் பார்த்தாராம். அப்புறம் அவர் தூங்கிய தூக்கத்தில் மறுநாள் கடை திறக்கவே இல்லை. மல்லிகா இப்போது மொபட் ஓட்டுகிறாள். பஸ்ஸில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறாள். அவளுக்கு வந்திருக்கிற உன் கோபம் மட்டும் இன்னும் போகவில்லை, அதற்கு மெஷின் வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன வாரம் உன் மகள் வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். “அம்மாவுக்கும் இருந்துச்சு, எனக்கும் இருக்கு. நீங்க விடுற குறட்டைய அத்தை சொல்லிட்டாக. நீங்களும் மதுரைக்கு வாரீக. இல்லேன்னா சீரைத் திருப்பி அனுப்பிருவேன் மாமா.” சிங்கத்துக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் இன்னும் பிறக்கவில்லை என்று நான் ஏதோ சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. நீ எழுந்திருக்காத அன்று காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் அவள்தானே?

பயமாகத்தான் இருக்கிறது அக்கா. உடம்பெல்லாம் ஒயர் ஒட்டுவார்கள் என்பதற்காக அல்ல. நோய் இருக்கிறது என்றால் எனக்குச் சீர் கொண்டுவர அக்கா இல்லையே, வெட்ட மரமும் இல்லையே என்று நினைத்தேன். பாலிசி கைவிரிக்கும் என்பது நமக்கு முன்பே தெரியும். ஆனாலும் போகிறேன். இது உன்மேல் சத்தியம். வருகிற வாரம் மதுரை ஆஸ்பத்திரியில் படுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருகிறேன். மெஷின் வேண்டும் என்றால் எதை விற்றாவது வாங்கி, மூக்கில் மாட்டிக்கொண்டு யானை மாதிரி படுத்துக்கொள்கிறேன். உன்னைப் பார்க்க ஆசைதான். ஆனால் உன் மகள் இன்னொரு முறை காப்பியோடு நிற்கக் கூடாது. நீ கொஞ்சம் காத்திரு.

உன்னிடம் அடி வாங்கி வளர்ந்த ஒரே தம்பி,
மல்லிகாவின் தாய்மாமன்.