பின்சீட்

மார்லிஸுக்கு,

பிக்கப் டிரக் வாங்க மூன்று வண்டிகளைப் பார்த்தேன். ஒன்றில் பின்தொட்டி நீளம். வைக்கோல் கட்டுகள் தாராளமாக ஏறும், ஆனால் பின்சீட் பேருக்குத்தான். நம் மகளுக்குப் புதிதாக வாங்கிய குழந்தை இருக்கையை மூன்றிலும் மாட்டிப் பார்த்தேன். இரண்டாவதில்தான் கச்சிதமாகப் பொருந்தியது.

விற்பனையாளர் வென்டல் சிரித்தார். "பாப்பாவைக் காணோம், சீட்டு மட்டும் ஊர் சுத்துதேப்பா! பழைய வண்டி என்னாச்சு?"

"மான் குறுக்க வந்துச்சு. பள்ளத்துல கவுத்துட்டேன்."

சாலையெங்கும் மான் திரியும் மொன்டானாவில் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. நீ மட்டும்தான் நம்பவில்லை.

மான் எதுவும் வரவில்லை. குடித்திருந்தேன். பாப்பா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்தக் குழந்தை இருக்கையின் தோள்வாரை எந்த உயரத் துளையில் மாட்டுவதென்று தெரியவில்லை. நீ அவளைக் கூட்டிக்கொண்டு போய் எட்டு மாதம், வளர்ந்திருப்பாள். வேறொன்றும் எழுத வேண்டாம். அவள் தோள் உயரத்தை மட்டும் அளந்து எழுது.

அவளுடைய அப்பா