வெறும் வண்டி இழுக்காதை

மச்சான்,

நேற்றுத்தான் கெல்லரைத் திறந்தேன். கட்டடத்துக்குப் புதுக் குழாய் போடப் போகிறார்களாம். நிலக்கீழ் அறைகளை வெறுமையாக்கச் சொல்லி, கட்டடம் பார்க்கிற ஹவுஸ்மைஸ்டர் திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டிவிட்டார். பூட்டைக் கழற்றித் தள்ளியதும் மணம் மூக்கில் அடித்தது. காய்ந்த புல், பெற்றோல், இரண்டுக்கும் மேலால் நீ கொட்டிய மிளகாய்த்தூள். உன் கைவண்டி மூலையில் நின்றது. சில்லுகளில் போன வருஷத்துச் சேறு அப்படியே காய்ந்து கிடந்தது. கழுவ மனம் வரவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், சோம்பல், பஞ்சி என்றுதான் சொல்வாய். இரண்டும்தான்.

உண்மையைச் சொல்கிறேன், அதைக் குப்பைக்குக் கொடுக்கத்தான் இறங்கினேன். நாளைக்குப் பெரிய சாமான் எடுக்கும் லொறி எங்கள் தெருவுக்கு வருகிறது. எனக்குக் களைத்துப்போச்சு. பொதிக் கிடங்கில் நாள் முழுக்க ஊர் உலகத்தின் பெட்டிகளைத் தூக்கி இறக்குகிறேன். முழங்கால் படியில் ஏறும்போதும் முறுகுகிறது, இறங்கும்போதும் முறுகுகிறது. இந்த வயதில் ஒரு மனிசன் லீவு எடுத்துக்கொண்டு போய் இன்னும் கொஞ்சச் சாமான் தூக்கிக் காவுவானா? நான் காவினேன். உன்னால்தான்.

நீ விமானம் ஓட்டப் படித்ததை எங்கள் வுப்பர்டால் தமிழரில் யாரும் முதலில் நம்பவில்லை. தகடு வெட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை, சனிக்கிழமைகளில் பறப்பு வகுப்பு. பிறகு இரண்டே இரண்டு இருக்கை உள்ள ஒரு பழைய சின்ன விமானம் உனக்கென்று வந்தது. கோயில் திருவிழாவில் ஆட்கள் உன்னைக் காட்டிக் கதைத்தார்கள். அதன் பிறகுதான் தெற்கே நடக்கும் அந்தப் பெரிய கூட்டத்தைப் பற்றிச் சொன்னாய். நூற்றுக்கணக்கில் சின்ன விமானங்கள் ஒரு புல்வெளியில் வந்து இறங்கும், ஓட்டி வந்தவர்கள் அவரவர் விமானத்தின் செட்டைக்குக் கீழே கூடாரம் அடித்துத் தங்குவார்கள், வருஷத்துக்கொருமுறை, ஓகஸ்ட் மாதம். நானும் வருகிறேன் என்று வாய்விட்டேன். நீ என் உடம்பை மேலும் கீழும் பார்த்தாய்.

"உன்னை ஏத்தினால் பெற்றோலை இறக்கவேணும்," என்றாய்.

கதை அதோடு முடிந்தது. நீ பறந்து வருவாய், நான் காரில் வருவேன், சாமான் என்னோடு வரும். கொழும்புக்குப் போகிறவர்கள் சூட்கேசைக் கொளுவி நிறுக்கிற அந்தச் சின்னத் தராசு உன்னிடம் இருந்ததே, அதில் உன் பல்லுத்தூரிகைப் பையைக்கூட நிறுத்துவிட்டுத்தான் விமானத்தில் வைப்பாய். மிச்சமெல்லாம் என் தலையில். கூடாரம், அடுப்பு, அரிசி, விமானத்தை மாடு மாதிரிக் கட்டிவைக்க முளைகளும் கயிறும்.

முதல் வருஷம் நாங்கள் செய்த விசர் வேலை நினைவிருக்கிறதா? எங்கள் ஆட்கள் பயணம் என்றால் எதை எடுப்பார்கள்? சில்லு வைத்த சூட்கேஸ். கனடாவுக்குப் போய் வந்த மூன்று பெரிய சூட்கேஸ்களில் எல்லாவற்றையும் அடைத்து வந்தேன். கார் நிறுத்தும் இடத்திலிருந்து உன் விமானம் நின்ற வரிசைக்கு நடக்கவே கால் கழன்றுவிடும். அதற்குள் மழையும் பெய்திருந்தது. விமான நிலையத்துப் பளிங்குத் தரைக்குச் செய்த அந்தக் குட்டிச் சில்லுகள் புல்லையும் சேற்றையும் சுற்றிக்கொண்டு பாறாங்கல்லாகிவிட்டன. ஜேர்மன்காரர் கூடாரங்களுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டு கறுத்த ஆட்கள், இழுபடாத சூட்கேசுகள், மேலே கட்டிய சோற்றுச் சட்டி. கலியாண வீட்டுக்குப் பிழையான இடத்தில் இறங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அடுத்த வருஷமே நீ இந்தக் கைவண்டியை வாங்கினாய். தந்தையர் தினத்தில் ஜேர்மன்காரர் பியர்ப் பெட்டி ஏற்றிக்கொண்டு காட்டுப் பக்கம் போவார்களே, அதே மாதிரி. ஆனால் சில்லுகளைக் கழற்றிவிட்டு, காற்றடிக்கிற தடித்த சில்லுகளை நீயே பூட்டினாய். வண்டியோடு நீ போட்ட ஒரு கட்டளையும் வந்தது. சாமானை வரிசைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு நான் காருக்குத் திரும்ப வெளிக்கிட்டால் நீ மறிப்பாய்.

"வெறும் வண்டி இழுக்காதை. ஆரிட்டையும் கேள்."

ஆரிடமாவது கேட்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், உங்களுக்குக் கார்ப் பக்கம் ஏதும் கொண்டுபோக இருக்கிறதா என்று. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். எங்கள் ஆட்கள் யாராவது ஊருக்குப் போகிறார்கள் என்றால் நாலு வீட்டுப் பார்சல் அவர்களுடைய பெட்டிக்குள் ஏறும், அது எங்களுக்குள்ளே சரி. இந்த நாட்டில் அந்நியனின் கூடாரத்தைத் தூக்கப் போனால் பொலிசைக் கூப்பிடுவார்கள் என்று நான் சொன்னேன். ஒருவரும் கூப்பிடவில்லை. முதலில் முழித்தார்கள். பிறகு தந்தார்கள். மூன்றாம் வருஷம், அந்தத் தமிழர்களின் வண்டி எப்போது இந்தப் பக்கம் வரும் என்று கேட்கத் தொடங்கினார்கள். இழுத்தது நான், பெயர் உனக்கு.

இது உனக்குப் புதுப் பழக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கிய அன்று, கிழக்கு ஜேர்மனியிலிருந்து மேற்குப் பக்கம் போக வரிசையில் நின்றபோது, என் பையின் வார் அறுந்துவிட்டது. முன்னால் நின்ற நீ திரும்பிப் பார்த்தாய். நீ ஆர், எந்த ஊர் என்று ஒன்றும் கேட்கவில்லை. உன்னுடைய ஒரு கை சும்மா இருந்தது, அதில் என் பையை எடுத்துக்கொண்டாய். அவ்வளவுதான் எங்களுடைய அறிமுகம்.

ஒருமுறை ஓகஸ்ட் கூட்டத்தில் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு விமான வரிசை ஓரத்தில் நின்றேன். அங்கே நடமாடுகிற எல்லோரும் அது போட வேண்டும். நீ இறங்கித் தரையில் உருட்டிக்கொண்டு வருவதைக் கண்டு, சோறு ஆறுகிறது, கெதியாய் வா என்று கையைக் காட்டினேன். நாங்கள் கூப்பிடுவது உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்துத்தானே? அங்கே அது வேகத்தைக் குறை என்கிற சைகையாம். உனக்குப் பின்னால் வந்தவன் குறைத்தான், அவனுக்குப் பின்னால் வந்தவன் நின்றேவிட்டான், நான் இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். வரிசை முழுவதும் நின்றுபோய், கடைசியில் ஒரு பொறுப்பாளர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். நீ விமானத்துக்குள் இருந்து விழுந்து விழுந்து சிரித்தாய். அதைச் சொல்லிக்காட்டாமல் பிறகு ஒரு சாப்பாடுகூட நீ சாப்பிட்டதில்லை.

போன வருஷத்துக்கு வருகிறேன். வராமல் விடலாம் என்றால் முடியவில்லை.

வயிற்றில் நோய் வந்ததும் டொக்டர் உன் பறப்பை நிறுத்தினார். விமானத்தை எர்லாங்கனில் இருக்கும் ஒரு பொறியியலாளப் பெண்ணுக்கு விற்றாய். அவளுடைய பெயர் தெரிந்தும் நாங்கள் எர்லாங்கன்காரி என்றே சொன்னோம். அவள் ஓகஸ்ட் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருவதாகச் சொன்ன நாளிலிருந்து உனக்கு ஒரே கதை. ஒருதரம் பார்க்க வேண்டும், ஒருதரம் அதில் கையை வைக்க வேண்டும். கூட்டிக்கொண்டு போகாதேங்கோ அண்ணை, தாங்கமாட்டார் என்று உன் மனிசி என்னிடம் அழுதா. நான் ஓம் என்று அவவுக்கும் சொன்னேன், உனக்கும் சொன்னேன்.

வழி முழுவதும் நீ சத்தி எடுத்தாய். ஓய்விடத்துக்கு ஓய்விடம் நிறுத்தி நிறுத்தி, போய்ச் சேர நேரம் பிந்திவிட்டது. மதியத்துக்குப் பிறகு இடியும் மழையும் என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு முன் கிளம்பியே ஆகவேண்டும் என்று எர்லாங்கன்காரி செய்தி அனுப்பியிருந்தாள். வாசலில் ஆட்களை ஏற்றிச் செல்லும் டிராக்டர்ப் பெட்டி நின்றது. அதன் படியில் ஒரு காலை வைத்தாய். மற்றக் கால் எழும்பவில்லை.

"ஏலாது, மச்சான்," என்றாய்.

உன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. காரிலிருந்து வண்டியை இறக்கிப் போர்வையை மடித்துப் போட்டு, ஏறு என்றேன்.

"நான் என்ன சாமானோ, ஏத்தி இழுக்க?"

உனக்குக் கோபம் வந்தால் மூக்கு விடைக்கும். முகத்தில் தோலும் எலும்பும்தான் மிச்சம், அந்த மூக்கு மட்டும் விடைத்தது. நான் கெஞ்சினேன். பிறகு ஏசினேன். நீ வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வடக்கே முகில் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வயதான ஜேர்மன் தம்பதி கூடாரப் பையையும் குளிர்ப்பெட்டியையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நாலடி நடப்பதும் கீழே வைப்பதுமாக வந்தார்கள். நீ அவர்களைக் கூப்பிட்டாய். வண்டி இருக்கிறது, போடுங்கள் என்று உன் உடைந்த ஜேர்மனில் சொன்னாய். குளிர்ப்பெட்டியை முன்னால் வைப்பித்தாய். பிறகு நீயே மெல்லப் பின்னால் ஏறி இருந்து, கூடாரப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாய்.

"இது விழாமல் பிடிக்க ஒரு ஆள் வேணும். இழு," என்றாய்.

இழுத்தேன். உன் பாரம் எனக்குத் தெரியவே இல்லை. நீ இருக்கிறாயா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அந்தத் தம்பதியின் இடம் உன் விமானத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் விமானத்தைப் பார்ப்போம், இவர்களுடைய சாமானைப் பிறகு கொடுப்போம் என்றேன். நீ தலையை ஆட்டினாய், சாமான் முதல் என்றாய். மடியில் சாமான் இல்லாமல் அந்த வண்டியில் இருக்க உனக்கு மனம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எதிர்ப்பக்கம் போனோம். இறக்கினோம். அந்த மனிசன் என்னுடைய மூச்சு வாங்கலைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், முகிலைப் பார்த்தார். விசயத்தை இரண்டு சொல்லில் சொன்னேன். மனிசி தன் தொப்பியைக் கழற்றி உன் தலையில் வைத்து, ஒரு மடக்குக் கதிரையை எடுத்து உன் மடியில் தந்தா. மனிசன் கைப்பிடியின் மறுபக்கத்தைப் பிடித்தார், மனிசி பின்னாலிருந்து தள்ளினா. மூன்று கிழடுகளுமாகச் சேர்ந்து ஓட்டமும் நடையுமாக உன்னை இழுத்தோம்.

எர்லாங்கன்காரி கயிறுகளைக் கழற்றிச் சுருட்டிவிட்டு உள்ளே ஏறியிருந்தாள். எங்களைக் கண்டதும் இறங்கி வந்தாள். நீ விமானத்தின் மூக்கில் உள்ளங்கையை வைத்தாய். உள்ளே கொஞ்சம் இருங்கள் என்று அவள்தான் சொன்னாள், அவளும் நானும் தூக்கி உன்னை, ஓட்டுகிறவர் இருக்கிற இடப்பக்க இருக்கையில் விட்டோம். நீ பக்கத்து இருக்கையைத் தட்டினாய். நான் மாட்டேன் என்றேன், உடைந்துவிடும் என்றேன்.

"இப்ப ரெண்டுபேரும் ஏறலாம் மச்சான். கணக்குச் சரி. நான் அவ்வளவு குறைஞ்சிட்டன்."

ஏறினேன். அவ்வளவு வருஷம் காரில் பின்னால் வந்தவன் முதன்முதலாக உன் பக்கத்தில் இருந்தேன். தோளோடு தோள் முட்டியது. என்ஜின் ஓடவில்லை. நீ ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டு வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு போனாய், இருக்கைப் பட்டியைப் போடு என்று என்னை அதட்டினாய், நானும் போட்டேன். கண்ணாடியில் முதல் துளி விழும்வரை அப்படியே இருந்தோம். நான் அழுதேன். நீ காணாத மாதிரி முன்னாலேயே பார்த்துக்கொண்டு இருந்தாய்.

அவள் கிளம்பும்போது முளைகளையும் உன் நீல நைலோன் கயிற்றையும் உன்னிடமே தந்தாள். தன் ஊரில் விமானத்துக்குக் கொட்டகை இருக்கிறது, இது வீண் பாரம் என்றாள். திரும்பும்போது உன் மடியில் அதுதான் இருந்தது. உனக்குச் சந்தோஷம், வண்டி வெறுமையாகப் போகவில்லை. மார்கழி பிறக்க முந்தி நீ போய்விட்டாய். கூட்டிக்கொண்டு போனதற்கு உன் மனிசி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அன்று எடுத்த படத்தைத்தான் அவ சாமி அறையில் வைத்திருக்கிறா, தலையில் அந்த ஜேர்மன் மனிசியின் தொப்பியோடு.

சரி, நேற்றுக்கு வருகிறேன். வண்டியைத் தெருவுக்கு இழுக்க வெளிக்கிட்டேன். குப்பைக்குப் போகிற வண்டிதானே, வெறுமையாகப் போனால் என்ன? கால் நகரவில்லை, மச்சான். பக்கத்துக் கெல்லரில் மேல்வீட்டுத் துருக்கி அம்மா ஒரு பழைய கம்பளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றா. போடுங்கோ என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அதைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வர, ஹவுஸ்மைஸ்டர் ஒரு அலுமாரிக் கதவோடு. பிறகு மூன்றாம் மாடி. பின்னேரம் வரை வீட்டாரின் குப்பை எல்லாம் அந்த வண்டியில் தெருவுக்குப் போனது. வண்டி மட்டும் போகவில்லை. கடைசியில் துருக்கி அம்மா தந்த தக்காளிப் பெட்டியோடு அதை என் வீட்டுக்குள் ஏற்றி, சப்பாத்து வைக்கிற இடத்தில் விட்டிருக்கிறேன். என் மனிசி இன்னும் கதைக்கவில்லை.

இரவு எர்லாங்கன்காரி போன் எடுத்தாள். இந்த ஓகஸ்டுக்கு அவள் வருகிறாளாம். கூடாரத்தையும் அடுப்பையும் காரில் கொண்டுவர ஆள் இல்லையாம். எனக்கு முழங்கால் சரியில்லை என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என்னுடைய எடை என்ன என்று கேட்டாள், பறக்கிறவர்கள் கேட்கிற மாதிரி, மரியாதை ஒன்றும் பார்க்காமல். சொன்னேன். அவள் சின்ன ஆள். கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தாள். பாஸ்ட், அதாவது சரி வரும், ஒருநாள் பின்னேரம் உங்களை மேலே கொண்டுபோகிறேன் என்றாள்.

எனக்குப் பயம், உனக்குத் தெரியும். களைப்பும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் காலமை எழும்பி, உன் சாமான்களோடு என்னிடம் வந்துவிட்ட, சூட்கேஸ் நிறுக்கிற அந்தத் தராசைத் தேடி எடுத்தேன். வண்டியோடு இருந்த உன் நீலக் கயிற்றைச் சுருளாகக் கொளுவி நிறுத்துப் பார்த்தேன். பெரிய பாரமில்லை. மேலே போனால் அதை மடியில் வைத்திருப்பேன். விழாமல் பிடிக்க ஒரு ஆள் வேணும்.