பாடம் மாற்றும் படிவம்

பிப்ரவரி 9, 2019, சனி

மழை. எங்கள் சனிக்கிழமை வகுப்பின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரில் பதினேழு பேர் வந்தார்கள். சனிக்கிழமைக் காலையில் மழையையும் மீறிப் பதினேழு பேர் கணிதம் படிக்க வருகிறார்கள் என்றால் எங்கள் மடன்ட்சானே நகரியத்தில் அது பெரிய விஷயம்தான். ஆனாலும் வராத ஐந்து பேரைத்தான் மனம் எண்ணிக்கொண்டிருந்தது.

சிவிவே வழக்கம்போல் வாயாலேயே விடை சொன்னான். "எப்படி வந்துச்சு? எழுதிக் காட்டு" என்றேன். "மிஸ், விடை வந்துடுச்சுல்ல, அது வந்த பாதை எதுக்கு?" வகுப்பே சிரித்தது, நானும்தான். என்ன மூளை அவனுக்கு! எனக்குக் கிடைக்காமல் போன மருந்தியல் படிப்பு இவனுக்குக் கிடைத்தால் போதும் என்று அடிக்கடி தோன்றுகிறது.

கடைசி வரிசை நோன்சாபோவிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். நோட்டில் ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி 16

மின்வெட்டு. ஜன்னல் ஓரமாகப் பலகையை நகர்த்தி நடத்தினோம். முதுகு வலிக்கிறது.

பிப்ரவரி 20, புதன்

மதியம் நான் வேலை செய்யும் மருந்துக் கடைக்கு புலேலா வந்தான். சனிக்கிழமைகளில் என்னோடு அறிவியல் எடுப்பவன். மற்ற நாட்களில் கார் தொழிற்சாலை. இருமல் மருந்து வாங்குவதுபோல் கவுண்டரில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "சுக்கிஸ்வா, உன் பிள்ளைங்க அஞ்சு பேருக்கு ஸ்கூல்ல படிவம் குடுத்திருக்காங்க. கணிதத்த விட்டுட்டு நடைமுறைக் கணக்குக்கு மாறணுமாம். இந்தப் பருவம் முடியறதுக்குள்ள அப்பா அம்மா கையெழுத்து வேணுமாம்."

நடைமுறைக் கணக்கு. தள்ளுபடி, மின்கட்டணம், வரைபடம். எளிதாகத் தேறலாம், பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு ஏறும். ஆனால் அதை எடுத்தவனுக்கு மருத்துவம், பொறியியல், மருந்தியல் எல்லாக் கதவும் பதினாறு வயதிலேயே சாத்தப்படும். இதைப் பெற்றோரிடம் யாரும் விளக்குவதில்லை.

"யார் யாரு?"

ஐந்தில் சிவிவே இருக்கிறான்! போன ஆண்டுத் தேர்வில் முப்பத்தொன்று. வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் வேறென்ன வரும்? நோன்சாபோவும் இருக்கிறாள்.

நோன்சாபோவுக்கு — இதை இங்கே மட்டும் எழுதுகிறேன் — அது ஒருவேளை சரியாகக்கூட இருக்கலாம்.

பிப்ரவரி 23, சனி

எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "கையெழுத்து இல்லாம யாரும் உங்க பாடத்த மாத்த முடியாது. அந்தப் படிவம் உத்தரவு இல்ல, விண்ணப்பம். வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு." இதைச் சொல்லும்போது சிவிவேயைத்தான் பார்த்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 27

கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் டியானி ஐயாவைப் பார்க்கப் போனேன். தேநீர் கொடுத்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உக்காருமா. நீ சனிக்கிழமை மூணு மணி நேரம் இந்தப் பிள்ளைங்களப் பார்க்கிற. நான் அஞ்சு நாளும் பார்க்கிறேன். கணிதத்துல ஃபெயிலாகி மொத்தமா ஃபெயிலாகிறவனுக்கு நீ என்ன பதில் சொல்வ?"

"முயற்சி பண்ணவே விடாம எப்படி ஐயா—"

"போன வருஷம் மாவட்டக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் என்னை எழுப்பி நிக்க வெச்சு ஏன் இவ்வளவு கம்மின்னு கேட்டாங்க. நீயா நின்ன?"

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். எழுந்தபோது, மென்மையாகத்தான் சொன்னார்: "வகுப்பறைய உங்களுக்கு சும்மா குடுத்திருக்கேன். அது ஞாபகம் இருக்கட்டும்."

பிப்ரவரி 28

வாயை மூடிக்கொண்டால் இருபத்திரண்டு பேருக்கு இடம் உண்டு. திறந்தால்?

மார்ச் 2, சனி

வகுப்பு முடிந்ததும் சிவிவேயின் அம்மாவைப் பார்க்கப் போனேன். மருத்துவமனையில் துப்புரவு வேலை. முதல் நாள் இரவுப்பணி முடிந்து தூங்கி எழுந்த முகம். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் விளக்கினேன். "நீ படிச்ச பொண்ணு. நீ வேணாம்னா நான் கையெழுத்துப் போடல" என்றார். எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, அமக்வின்யா, நான்கைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். ஷேர் டாக்ஸியிலேயே சூடாகத் தின்றேன். வென்றுவிட்டது போல இருந்தது.

மார்ச் 6, புதன்

பெற்றோர் கூட்டம். பேசக்கூடாது என்று நினைத்துத்தான் போனேன். "சில பிள்ளைகளின் நலனுக்காகச் சில பாட மாற்றங்கள்" என்று டியானி ஐயா சொன்னதும் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "அந்த மாற்றத்துக்கு அப்புறம் இந்தப் பிள்ளைங்க எந்தெந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாதுன்னு சொல்லுங்க ஐயா" என்றேன். யாரோ கைதட்டினார்கள். வேறு யாரோ, "இவ யாரு, இவளுக்குப் பிள்ளை இருக்கா?" என்றார்கள்.

டியானி ஐயா புன்னகைத்தார்.

மார்ச் 9, சனி

பள்ளிக் கதவு பூட்டியிருந்தது. காவலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாவி ஆஃபீஸ்ல குடுத்துட்டேன் தங்கச்சி. எனக்கு அவ்வளவுதான் சொன்னாங்க."

பிள்ளைகள் வெயிலில் மதிலோரம் நின்றார்கள். பதினொன்றரை வரை நின்றோம், எதற்கென்று தெரியவில்லை. புலேலா சொன்னான்: "கேள்வி நல்ல கேள்விதான் சுக்கிஸ்வா. ஆனா கேக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." அவன் இப்படிச் சிரிக்காமல் பேசி நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 12, செவ்வாய்

டாக்ஸி நிலையத்தில் சிவிவே எனக்காகக் காத்திருந்தான்.

"மிஸ், அம்மாவ கையெழுத்துப் போட வெச்சுட்டேன். படிவத்தக் குடுத்துட்டேன்."

"ஏன்டா? உன்ன யாராவது மிரட்டினாங்களா?"

"யாரும் மிரட்டல. எனக்குக் கணிதம் வேணாம். ஞாயித்துக்கிழமை சமூக வானொலியில பேசறேன்ல, எனக்கு அதுதான் வேணும். இதழியல் படிக்கப் போறேன். அதுக்குக் கணிதம் கேக்க மாட்டாங்க, விசாரிச்சுட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"ஹெட்மாஸ்டர்கிட்ட போய்க் கேட்டீங்க. எங்கம்மாகிட்ட வந்து கேட்டீங்க. கூட்டத்துல எந்திரிச்சு எல்லார்கிட்டயும் கேட்டீங்க." பையை இழுத்துத் தோளில் மாட்டினான். "எங்கிட்ட ஒரு தடவ கேட்டீங்களா மிஸ்?"

வண்டி வந்தது. ஏறிவிட்டான்.

மார்ச் 13

இவனுக்காகவா இருபத்தோரு பேரைத் தெருவில நிறுத்தினேன்? இல்ல, இவனுக்காக இல்ல. எனக்காக. என் படிப்ப அவன் தலையில கட்டப் பார்த்தேன். அவன் ஜன்னலுக்கு வெளிய பார்த்துட்டு இருந்தான், அதக்கூடப் பார்த்தேன், பார்த்துட்டும்— சே.

கடையில் ஒரு பாட்டிக்கு மாற்றி மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போனேன். மருந்தாளர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

மார்ச் 23

இரண்டு தேவாலயங்கள், ஒரு நூலகம். எங்கும் சனிக்கிழமை இடமில்லை. விட்டுவிடலாமா?

ஏப்ரல் 6, சனி

இடம் கிடைத்தது. ஈமச் சடங்குகளுக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் நோபான்ட்லா அம்மாவின் கொட்டகை. சனிக்கிழமைதான் ஊரில் எல்லா அடக்கமும். அதனால் அன்று கொட்டகை காலி. "இடம் எடுத்துக்கோ மகளே, ஆனா நாற்காலி கேக்காத. இன்னைக்கு என் நாற்காலி எல்லாம் கல்லறையில" என்றார். தரையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தோம். "இங்க ஃபெயிலானா நேரா அடுத்த அறைதான்" என்று புலேலா, சவப்பெட்டிகள் வைத்திருக்கும் அறையின் மூடிய கதவைக் காட்டினான். பிள்ளைகள் அலறிச் சிரித்தார்கள். அவன் என்னை மன்னித்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு பேர். முதலில் வந்தவள் நோன்சாபோ.

தார்ப்பாயை விரித்துக்கொண்டே கேட்டேன்: "உன் படிவம் என்னாச்சு?"

"நாலு பேர் குடுத்துட்டாங்க மிஸ். நான் குடுக்கல."

நிமிர்ந்தேன்.

"கையெழுத்துப் போட அப்பா பேனாவ எடுத்துட்டார். அது உத்தரவு இல்ல, வேணாம்னு சொல்லலாம்னு நீங்க அன்னைக்குச் சொன்னீங்கல்ல? அதையே அவர்கிட்ட சொன்னேன். ரெண்டு நாள் பேசல. அப்புறம் உன் இஷ்டம்னுட்டார்."

"உனக்கு... கணிதம் பிடிக்குமா?" எத்தனை தாமதமான கேள்வி.

"பிடிக்கும் மிஸ். வராது. ஆனா பிடிக்கும்."

"அப்புறம் ஏன் வகுப்புல ஒரு வார்த்தைகூடக் கேக்கல?"

தார்ப்பாயின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே, குற்றம் சொல்லும் குரலே இல்லாமல் சொன்னாள்: "நீங்க சிவிவேயப் பார்த்துத்தானே நடத்துவீங்க."

பிப்ரவரி 20 அன்று எழுதியதை இப்போது எடுத்துப் படித்தேன். டியானி ஐயா அவளுக்குப் படிவம் கொடுத்தார். நானும் கொடுத்திருக்கிறேன், தாள் மட்டும்தான் இல்லை.

ஏப்ரல் 27

அவளோடு தனியாக ஒரு மணி நேரம். சிக்கல் பதினொன்றாம் வகுப்பில் இல்லை. பின்னங்களே தெரியாது. ஏழாம் வகுப்பில் அம்மா நோயில் படுத்தபோது மூன்று மாதம் பள்ளிக்குப் போகவில்லையாம். அந்த மூன்று மாதம் நான்கு ஆண்டுகளாக அவள் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. பிப்ரவரியில் "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்த நானும் அதில் ஒருத்திதான்.

ஜூன் 14

அரையாண்டு முடிவு. நோன்சாபோ: 24.

24! டியானி ஐயா சொன்னது சரியாகப் போகுமோ? அவள் ஓராண்டை இழந்தால் அந்த அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? மாறச் சொல்லிவிடலாமா— இல்லை. கேட்கிறேன். சொல்வதில்லை, கேட்கிறேன்.

ஜூன் 15, சனி

கேட்டேன். "போன தடவ பத்தொம்பது மிஸ்" என்றாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வானொலியில் சிவிவே. குடிநீர் வராத தெருக்களைப் பற்றி நகராட்சிக்காரர் ஒருவரை மடக்கி மடக்கிக் கேட்டான். அருமையாகப் பேசுகிறான். வாழ்த்துச் செய்தி அனுப்பினேன். "நன்றி மிஸ். எப்படி வந்தேன்னு பாதைய மட்டும் கேக்காதீங்க" என்று பதில். ரொம்ப நேரம் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன்.

அக்டோபர் 19

நோன்சாபோ இன்று புலேலாவோடு சண்டை போட்டாள். அவன் பலகையில் ஒரு கூட்டல் குறியைத் தவறவிட்டிருந்தான். "இல்ல, தப்பு. தப்புன்னா தப்பு!" இந்தக் குரல் இவ்வளவு நாள் எங்கே இருந்தது?

டிசம்பர் 4, புதன்

கடையில் நீண்ட வரிசை. அந்த வரிசையில் ஒழுங்காக நின்று, தன் முறை வந்ததும் மதிப்பெண் அட்டையைக் கவுண்டரில் வைத்தாள் நோன்சாபோ. கணிதம் 36. பன்னிரண்டாம் வகுப்புக்குத் தேர்ச்சி.

முப்பத்தாறு. இதைக் காட்டினால் எந்தப் பல்கலைக்கழகமும் எழுந்து வரவேற்காது. அது அவளுக்கும் தெரியும். பின்னால் நின்ற ஒரு மனிதர் இருமினார். அட்டையைப் பைக்குள் வைத்தபடி அவள் அவசரமாகச் சொன்னாள்:

"மிஸ், எங்க தெருவுல பத்தாவது முடிச்ச ரெண்டு பேருக்கு அந்தப் படிவம் வந்திருக்கு. ஜனவரியில கூட்டிட்டு வரவா?"

"அவங்களுக்குக் கணிதம்—"

"முதல்ல அதத்தான் கேட்டேன் மிஸ். ஒருத்தி வேணாம்னுட்டா. ஒருத்திதான் வரா."

"கூட்டிட்டு வா" என்றேன். அடுத்தவரிடம் மருந்துச் சீட்டை வாங்கினேன்.